முள்ளெலிகள் வீட்டுக்கு வந்த வருஷம்

ஐப்பசி மழை விட்ட காலையில், தேரிக்காட்டிலிருந்து முள்ளெலிகள் வரிசையாக இறங்கி ஊருக்குள் வந்து, எந்தெந்த வீட்டில் யார் யார் செத்துப்போயிருந்தார்களோ அந்தந்த வீட்டுக்குள் நுழைந்து, அவரவர் உயிரோடிருந்தபோது எங்கே படுப்பார்களோ அங்கே போய்ப் படுத்துக்கொண்டன. நடுத்தேரிவிளைக்காரர்கள் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. தேரி என்கிற செம்மணல் மேட்டுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற ஊர் அது. காற்றடி காலத்தில் மணல்மேடே இடம் பெயர்ந்து ஒருத்தன் தோட்டத்தை மூடிவிட்டு, மூடிக்கிடந்த இன்னொருத்தன் தோட்டத்தைக் கிணற்றோடு திறந்து வைத்துவிட்டுப் போகும். போனது திரும்புவதும் இருந்தது மறைவதும் அவர்களுக்குப் பழகிப்போன சங்கதி. யார் யார் வீட்டுக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்வதில்தான் அவர்கள் அவசரம் காட்டினார்கள்.

டீக்கடை பால்துரைக்கு அவன் அப்பா வந்திருந்தார். வந்ததும் வராததுமாகக் கல்லாப்பெட்டி நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டு, மகன் உட்கார வரும்போதெல்லாம் முள்ளைச் சிலிர்த்துக் காட்டினார். மனுஷர் திருந்தவே மாட்டார் என்று பால்துரை நின்றபடியே வியாபாரம் பார்த்தான். மேலத்தெரு ராசம்மாளுக்கு வாய்த்தது அவள் புருஷனின் மூத்த தாரம். கட்டிலில் சரியாக நடுவில் படுத்த முள்ளெலியைப் பார்த்து, "அக்கா, நீங்க படுங்க, நான் கீழ பாய விரிச்சுக்கிடுதேன்" என்று ராசம்மாள் தலையணையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். வேதக்கோயில் உபதேசியார், உயிர்த்தெழுதல் என்பது இந்த மாதிரி அல்ல என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணினார். செத்துப்போன அவருடைய அப்பா முன்வரிசைப் பெஞ்சுக்கு அடியில், உயிரோடிருந்த காலத்தில் செய்தது போலவே, பிரசங்கம் தொடங்கிய சூட்டோடு சுருண்டு தூங்கிப்போனதைச் சபை முழுக்கப் பார்த்தது. அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நாய்களைக் கட்டிப்போட வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. பைக்கில் வருகிறவர்கள் தெருமுனையில் இறங்கி உருட்டிக்கொண்டு வரவேண்டும் என்றும் ஆனது. பிள்ளைகளுக்குக் கக்குவான் இருமல் வந்தால் முள்ளெலியின் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுப்பது அந்தப் பக்கத்துப் பழக்கம். அதற்காக வீடுகளில் உத்தரத்தில் காய்ந்துகொண்டிருந்த தோல்களையெல்லாம், யார் தோலோ என்னவோ என்கிற கூச்சத்தில், ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் அவிழ்த்துக் கொண்டுபோய் மணலில் புதைத்துவிட்டு வந்தார்கள்.

சுயம்புக்கனி வீட்டுக்கு அணைஞ்சான் வந்திருந்தான்.

சிவனணைஞ்ச பெருமாள் என்கிற அணைஞ்சான் அவள் புருஷன். உப்பு லோடு வேன் ஓட்டியவன். போன வருஷம் பங்குனியில் லோடை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கடற்கரைச் சாலையில் வேன் கவிழ்ந்து அங்கேயே உயிர் போய்விட்டது. அன்றைக்கு அவள் வயிற்றில் மூன்று மாசம். அது அவனுக்குத் தெரியாது. முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்ததால், இந்தத் தடவை கொஞ்சம் ஊன்றட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் வாயைக் கட்டி வைத்திருந்தாள். சொல்லிவிடுவது என்று முடிவெடுத்த அன்று பால்கொழுக்கட்டை செய்து மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேனின் சத்தத்துக்குப் பதிலாக ஆட்களின் சத்தம் வந்தது. பையன் பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறான். செந்தி என்று பேர். ஊரில் எல்லாருக்கும் அவனைத் தெரியும், பெற்ற தகப்பனைத் தவிர.

அதனால், வாசல் வழியாக வந்த முள்ளெலி நேரே மூலைக்குப் போய், இன்னும் எடுத்துப் போட மனமில்லாமல் அவள் வைத்திருந்த அவன் செருப்புகளில் இடது செருப்புக்குள் மூக்கை நுழைத்துப் படுத்து, பிறகு வெயில் படுகிற இடத்துக்கு வந்ததும் அடக்கமாட்டாமல் தும்மியபோது, சுயம்புக்கனி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து, "மைனி, அவியதான்" என்றாள். மைனி என்றது அணைஞ்சானின் அக்கா இசக்கியம்மாளை. புருஷனோடு ஒத்துவராமல் தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டவள். அவள் இடுப்பில் கைவைத்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவனேதான். எங்கம்மா செத்த அன்னிக்கும் இப்படித்தான் வெயில்ல நின்னு தும்மிக்கிட்டுக் கிடந்தான்" என்று சொல்லிவிட்டு இசக்கியம்மாள் அழ ஆரம்பித்தாள்.

சுயம்புக்கனி அழவில்லை. தொட்டிலிலிருந்து பையனை அள்ளிக்கொண்டு வந்து முள்ளெலிக்கு முன்னால் உட்கார வைத்து, இத்தனை மாசமாக அவள் நெஞ்சில் கிடந்து ஊறிய வார்த்தையைச் சொன்னாள். "இது உங்க பிள்ள. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லாம வச்சுக்கிட்டேன்."

முள்ளெலி பையனை ஒரு பார்வை பார்த்தது. உடனே தலையை உள்ளே இழுத்துப் பந்தாகச் சுருண்டுகொண்டது.

கோபம், என்று நினைத்தாள் சுயம்புக்கனி. இருக்காதா? உயிரோடிருந்தபோதே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதில் பெரிய ஆள் அவன். சாம்பாரில் உப்புக் குறைந்தாலே சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான். அவனைச் சமாதானம் பண்ணுகிற விதம் அவளுக்குத் தெரியும். மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முள் குத்தாத திசையில் தடவிக்கொடுத்து, சுருண்ட இடத்தில் விரலால் பால் தொட்டு வைத்தாள். பால் வாசனைக்கு மெதுவாக அவிழ்ந்து, ஈரமான மூக்கை வெளியே நீட்டியது. அந்த மூக்கைப் பையன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள்.

தொட்ட கையை அவள் கழுவவில்லை. யாருமே கழுவவில்லை. இதுதான் அந்த ஊர்க்காரர்கள் செய்த பிழை, வேறு ஊராக இருந்தால் செய்திருக்க மாட்டார்கள். நடுத்தேரிவிளையில் ஒருத்தர் செத்து, மண்ணில் வைத்துவிட்டு வந்ததும், வீட்டாரை முற்றத்தில் உட்கார வைத்து, வேற்று வீட்டுக்காரர் ஒருத்தர் செம்பால் தண்ணீர் ஊற்ற, அவர்கள் கைகளைக் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீர் ஓடி மணலில் இறங்குகிறவரை செத்தவர் வாசலில் நிற்பார்; இறங்கியதும் போய்விடுவார். மேல்சாதி கீழ்சாதி, வேதக்காரர் கோயில்காரர் எல்லாரும் இதை ஒன்றுபோலச் செய்தார்கள். போகச் சொல்வதற்குக் கழுவுகிற கையை, வந்தவரைத் தொட்டுவிட்டுக் கழுவினால் என்ன அர்த்தம்? அப்படியும் கீழத்தெரு தங்கபாய், பழக்கதோஷத்தில் மாமனாரைத் தூக்கி இறக்கிவிட்டு மீன் அலசப் போனாள். அவள் கையை உதறிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் மாமனார் வேலியைத் தாண்டி, தேரி மேட்டில் ஏறிப்போய்க்கொண்டிருந்தார். கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை.

அதோடு ஊர் எச்சரிக்கையாகிவிட்டது. கையை உலர்ந்த செம்மணலில் தேய்த்துத் துணியில் துடைத்துக்கொண்டார்கள். குளிக்கும்போது மணிக்கட்டில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு, வேறொருத்தர் முதுகு தேய்த்துவிடக் குளித்தார்கள். மளிகைக்கடையில் பைக்குத் தட்டுப்பாடு வந்தது. மீன் அறுக்க, மாவு பிசைய, பாத்திரம் கழுவ, வீட்டுக்கு ஒருத்தர் செத்தவரைத் தொடாமல் விரதம் மாதிரி இருந்தார்கள். அந்த ஆளின் முகத்தைத்தான் பார்க்கச் சகிக்காது.

கார்த்திகை பிறந்ததும் பிள்ளைகளின் கன்னத்தில் வட்டங்கள் தோன்றின. சிவப்பாக, ஓரம் மட்டும் தடித்து, நடுவில் தோல் தெளிந்து, வளையல் அச்சு வைத்தது போல அழகாக இருந்தன. மூக்கு பட்ட இடத்தில்தான் வந்திருந்தது. வேறென்ன, செத்தவர் கொடுத்த முத்தம் என்றார்கள். அரித்தது. ஆசைக்காரர் முத்தம் அரிக்கத்தான் செய்யும் என்று பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் வட்டம் உள்ள பிள்ளைகள் ஒரு பக்கமும் இல்லாத பிள்ளைகள் ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள். செந்தியின் இரண்டு கன்னத்திலும் வட்டம் வந்தபோது சுயம்புக்கனிக்குக் கால் தரையில் பாவவில்லை. கோபம் தீர்ந்து, பிள்ளையை ஒத்துக்கொண்டுவிட்டான் என்று தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

ஜான்சி நர்சம்மா தடுப்பூசி போட அங்கன்வாடிக்கு வந்தவள், வரிசையில் நின்ற கன்னங்களைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி. வந்திருப்பது செத்தவர்களா இல்லையா என்று வழக்குப் பேசி நேரத்தைக் கடத்தவில்லை.

"உங்க வீட்டு ஆள்களாவே இருக்கட்டும். நான் இல்லன்னா சொன்னேன்? உயிரோட இருந்தப்போ அவங்க கக்கூசுக்குப் போயிட்டு வந்தா கை கழுவச் சொல்ல மாட்டீங்களா?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"இந்த வட்டம் படர்தாமரை. முள்ளெலிகிட்ட இருந்து தொத்துறது. இதுகூடப் போகட்டும், களிம்புக்குக் கேக்கும். அதோட வயித்துல இருக்கிற கிருமி பொல்லாதது. அதுக்கு ஒண்ணும் செய்யாது, பாக்க நல்லாத்தான் இருக்கும். நம்ம வயித்துக்குள்ள போனா, பெரியவங்களுக்குப் பேதியோட போயிரும். சின்னப் பிள்ளைகளுக்கு ரத்தத்துல ஏறிரும். அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைகள அது பக்கத்துல விடாதீங்க. முத்தம் குடுக்காதீங்க. சாப்பிடுற தட்டுல வைக்காதீங்க. தொட்டா சோப்புப் போட்டுக் கழுவுங்க."

"களிம்பு போட்டா வட்டம் அழிஞ்சிருமா?" என்று இசக்கியம்மாள் கேட்டாள்.

"சுத்தமா அழிஞ்சிரும்."

"அப்ப வேண்டாம்."

சுயம்புக்கனி மட்டும் கூட்டம் கலைந்த பிறகும் நின்றாள். நர்சம்மா அவள் கையில் ஒரு சோப்புக் கட்டியை வைத்து, "உனக்குப் புரியுது, இல்ல?" என்று கேட்டாள். புரிந்தது. அதுதான் பின்னால் அவளை அறுத்தது. புரியாத ஜென்மமாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. வீட்டுக்கு வந்து சோப்பை உறை பிரிக்காமல் ஜன்னலில் வைத்தாள். நாளைக்குக் கழுவலாம் என்று நினைத்தாள். மறுநாளும் நினைத்தாள். இன்னும் கொஞ்ச நாள் பிள்ளையோடு இருந்துவிட்டுப் போகட்டுமே, ஒரு தடவை ராஜாவே என்று மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தாள். அவன்தான் கொஞ்சவேயில்லை. பையனைப் பக்கத்தில் கொண்டுபோகிற ஒவ்வொரு தடவையும் சுருண்டான். அவளும் விடாமல் ஒவ்வொரு தடவையும் பாலைத் தொட்டு அவனைப் பிரித்தாள்.

எதிர்வீட்டில் காற்றாலை வேலைக்காகத் தேனிப் பக்கமிருந்து வந்த குடும்பம் இருந்தது. திலகா, அவள் புருஷன், நாலு வயசுப் பூவிழி, தொட்டிலில் ஒரு கைக்குழந்தை. புது வீடு, அந்த வீட்டில் யாரும் செத்ததில்லை. அதனால் முள்ளெலியும் வரவில்லை. பெரியவர்களுக்கு அது நிம்மதி, பூவிழிக்குத்தான் தாங்க முடியாத குறை. பள்ளிக்கூடத்தில் வட்டமில்லாத பக்கத்தில் அவளும் உபதேசியாரின் பேத்தியும் மட்டும் மிச்சமிருந்தார்கள். உபதேசியார் பேத்திக்கும் ஒருநாள் மோவாயில் சிவப்பாக வந்துவிட்டது. அன்றைக்குப் பூவிழி வீட்டுக்குப் போகாமல் நேரே சுயம்புக்கனி வாசலில் வந்து உட்கார்ந்து, "எனக்கு ஒரே ஒரு முத்தம் கேட்டு வாங்கிக் குடுங்க அத்தை" என்று அழுதாள். வாசலில் வந்து அழுகிற பிள்ளைக்கு இரங்காதவள் என்ன பெண்பிள்ளை?

திலகா பின்னாலேயே ஓடிவந்தாள். "அக்கா, நர்சம்மா வேணாம்னு சொன்னாங்கள்ல?"

"எங்க பிள்ளைக்கு என்ன வந்துட்டு? பாரு, பூசணிக்கா மாதிரி இருக்கான்" என்றாள் சுயம்புக்கனி.

பெருமையில் சொன்னதுதான், கெட்ட எண்ணமில்லை. அணைஞ்சானை மடியில் எடுத்தாள். அவன் இறுகிச் சுருண்டான், என்றைக்கும் இல்லாத இறுக்கமாக. பாலுக்கு அசையவில்லை, தேன் தொட்டு வைக்க வேண்டியிருந்தது. பூவிழி குனிந்து அவன் மூக்கில் முத்தம் வைத்தாள். அப்புறம் அந்த மூக்கிலிருந்த மிச்சத் தேனை விரலால் வழித்து நக்கினாள். எல்லாரும் சிரித்தார்கள். திலகாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு பிள்ளை தினமும் வந்தாள்.

தை கழிந்து முதலில் பூவிழிக்குக் காய்ச்சல் கண்டது. வயிற்றால் போனது. பள்ளிக்கூட வாசலில் ஐஸ் வாங்கித் தின்றிருப்பாள் என்று கஷாயம் கொடுத்தார்கள். ரத்தமாகப் போக ஆரம்பித்ததும் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அவர்கள் வேன் திரும்பி வருவதற்குள் இங்கே செந்தியின் உடம்பு அடுப்புக் கல்லாகச் சுட்டது. வாயில் வைத்த பால் வாயிலேயே நின்றது. அதே வேனில் சுயம்புக்கனியும் போனாள்.

வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பூவிழி கண்ணைத் திறக்காமல் கிடந்தாள், உதடு வெடித்திருந்தது. டாக்டர் ஒரு சின்னப் பெண். திலகாவிடம், வீட்டில் பிராணி ஏதாவது வளர்க்கிறீர்களா என்று கேட்டாள்.

"இல்லைங்க. எங்க வீட்ல ஒண்ணும் இல்ல" என்றாள் திலகா. அவள் சொன்னது உண்மைதான்.

சுயம்புக்கனி உட்கார்ந்தபடியே செந்தியின் போர்வையை இழுத்துவிட்டாள். அந்த ஒரு மூச்சு நேரம் பேசாமலிருந்ததை அவள் தன் ஆயுசுக்கும் மன்னிக்கப் போவதில்லை. பிறகு எழுந்து நின்று சொன்னாள். "எங்க வீட்டுல முள்ளெலி இருக்கு டாக்டரம்மா. இந்தப் பிள்ளையும் அங்கதான் வந்து முத்தம் குடுத்துச்சு. நான்தான் குடுக்க வச்சேன்."

மருந்தை மாற்றினார்கள். செந்திக்கு அது கேட்டது. பூவிழிக்கு நாள் கடந்துபோயிருந்தது. மறுநாள் மத்தியானம், சாப்பாட்டுத் தட்டு வார்டுக்குள் வருகிற நேரத்தில், அவள் போய்விட்டாள். திலகா அழுத அழுகையைக் கேட்டு அடுத்த வார்டுக்காரர்கள் எழுந்து வந்தார்கள். அவள் ஒரு தடவைகூடச் சுயம்புக்கனியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பித் திட்டியிருந்தால், முடியைப் பிடித்து இழுத்து அடித்திருந்தால், சுயம்புக்கனி காலில் விழுந்திருப்பாள்.

பிள்ளையை அவர்கள் எடுத்துக்கொண்டு போன பிறகு செந்தி கண்ணைத் திறந்து கையை நீட்டினான். அவள் பாய்ந்து தூக்கப்போனாள். வார்டு நர்சு தடுத்து, "கையக் கழுவாமத் தொடாத. அந்தா பைப்பு, அந்தா சோப்பு" என்றாள். பையன் அம்மா என்று அழுகிறான். அவள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்து, முழங்கைவரை சோப்பைத் தேய்த்துக் கழுவி, முந்தானையில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. தொட்டியில் நுரை சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையால் மறித்துப் பார்த்தாள். விரல் இடுக்கில் போய்விட்டது.

இரண்டு தடவையும் சொல்லிக்கொள்ளாமல் அனுப்பிவிட்டோம் என்று அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. அவன் கோபித்துக்கொள்ளவே இல்லை. முதல் நாளிலிருந்து பிள்ளையைத் தன்னிடமிருந்து காப்பாற்றத்தான் சுருண்டிருக்கிறான். வாயில்லாத ஜீவனுக்கு வேறு எப்படிச் சொல்லத் தெரியும்? முள்ளெல்லாம் விறைக்க வேண்டாம் வேண்டாம் என்று சொன்னவனை, இவள்தான் பாலையும் தேனையும் காட்டித் திறந்து திறந்து கொடுத்திருக்கிறாள். என்ன மாதிரி புத்தி இது, கட்டின புருஷன் வேண்டாம் என்று சொல்வது கூடப் புரியாத புத்தி, என்று தன் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கை சோப்பு மணத்தது.

செந்தியோடு அவள் வீடு திரும்பியபோது செருப்பு காலியாக இருந்தது.

"பூவிழி போன அன்னிக்கு மத்தியானமே கிளம்பிட்டான். நான் கூப்பிட்டேன், நிக்கல. என்ன அவசரமோ" என்றாள் இசக்கியம்மாள். "பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

"பால் குடிக்கான்."

அதற்குள் ஊர் பயந்துபோயிருந்தது. ஜான்சி நர்சம்மா அட்டைப்பெட்டி நிறைய சோப்போடு வந்து பொதுக்குழாயடியில் நின்றாள். இந்தத் தடவை சோப்பை எடுத்து நீட்டியதே போதுமாக இருந்தது. வீடு வீடாக வந்தார்கள். பால்துரை அப்பாவை நாற்காலியோடு தூக்கிவந்து கடை வாசலில் வைத்து, "போயிட்டு வாங்கய்யா, கடையப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிக் கையைக் கழுவினான். உபதேசியார் ஜெபம் பண்ணிவிட்டுக் கழுவினார். எல்லாரையும்விட அதிகமாக அழுதது ராசம்மாள்தான். மூத்தாளோடு பேசிப் பேசிப் பழகிவிட்டாள். தண்ணீர் ஓடி மணலில் இறங்க இறங்க முள்ளெலிகள் ஒவ்வொன்றாகத் தேரி மேட்டில் ஏறிப்போயின. பிள்ளைகளின் கன்னத்தில் களிம்பு தடவினார்கள். வட்டங்கள் மங்கி, தோலோடு தோலாகிவிட்டன. செந்தியின் கன்னத்தில் சுயம்புக்கனியே தடவினாள்.

எதிர்வீட்டுக்காரர்கள் காலிபண்ணிப் போய்விடுவார்கள் என்று ஊரே எதிர்பார்த்தது. போகவில்லை. பிள்ளையைப் புதைத்த மண்ணை விட்டுவிட்டு எங்கே போவது என்று திலகா சொன்னதாகக் கேள்வி. கதவு பாதி மூடியே இருந்தது. சுயம்புக்கனி தினமும் அந்த வாசல்வரை போவாள், திரும்பிவிடுவாள். என்ன சொல்லிக் கதவைத் தட்டுவது?

சித்திரையில் ஒரு சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டு கொட்டி, வெயிலோடேயே விட்டது. சுயம்புக்கனி வாசல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தேரியிலிருந்து ஒரே ஒரு முள்ளெலி இறங்கி வந்தது. சின்னது, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, முள்கூட இன்னும் வெள்ளையாக இருந்தது. நேரே எதிர்வீட்டு இரும்பு கேட்டுக்குப் போய், பூவிழி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கையால் தட்டிக்கொண்டு போவாளே, அதே மாதிரி ஒவ்வொரு கம்பியாக மூக்கால் தொட்டுக்கொண்டு போய், கடைசிக் கம்பி இடுக்கில் நுழைந்தது.

திலகா படியில் உட்கார்ந்திருந்தாள். பார்த்துவிட்டாள்.

சுயம்புக்கனி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். கேட்டைத் திறக்கத் தோன்றாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "திலகா, தொட்டுராத தாயி" என்றாள். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை இன்றைக்கு வந்தது.

திலகா நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க மட்டும் அத்தனை மாசம் மடியில வச்சிருந்தீங்களேக்கா" என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

திலகா இரண்டு கையாலும் அதை அள்ளி மடியில் வைத்தாள். அது சுருளவில்லை; சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அவள் விரலை முகர்ந்தது. முழங்கையில் ஏறப்பார்த்துச் சறுக்கி விழுந்தது. வயிற்று மடிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்தது. திலகா அதன் முதுகில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, உதடு அசைய ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். முத்தம் கொடுக்கத்தான் குனிந்தாள். பாதிவரை குனிந்தவள் அங்கேயே நிறுத்தி, தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

வீட்டுக்குள் தொட்டிலில் கைக்குழந்தை விழித்து அழுதது. பசி அழுகை. கொஞ்சத்தில் வீறிட்டது. திலகாவின் ரவிக்கை நனைந்தது.

"தம்பிக்குப் பால் குடுக்கணும்" என்றாள், மடியிலிருப்பதைப் பார்த்து. பிறகு சுயம்புக்கனியிடம், "அக்கா, ஒரு செம்புத் தண்ணியும் சோப்பும் எடுத்துட்டு வாங்க. வேற வீட்டு ஆள்தானே ஊத்தணும்" என்றாள்.

சுயம்புக்கனி வீட்டுக்கு ஓடிச் செம்பை நிறைத்துக்கொண்டு, கையில் அகப்பட்ட சோப்போடு வந்தாள். திலகா முள்ளெலியைப் படியில் இறக்கிவிட்டு, இரண்டு கையையும் நீட்டினாள். சுயம்புக்கனி சாய்த்த முதல் தண்ணீர் தரையில் விழுந்தது. அடுத்தது கையில் விழுந்தது. திலகா சோப்பைத் தேய்த்தாள், விரல் விரலாக, நகத்தடி நகத்தடியாக, உள்ளே பிள்ளை அழ அழ, நிதானமாகத் தேய்த்தாள். நுரை படியில் இறங்கி மணலை நோக்கி ஓடியது. அதன் பின்னாலேயே அந்தச் சின்ன உருவமும் மெல்லக் கிளம்பி கேட்டுப் பக்கம் போனது.

சுயம்புக்கனி செம்பை நிமிர்த்திவிட்டாள். அவளால் முடியவில்லை.

"இன்னும் ஊத்துங்கக்கா" என்றாள் திலகா. "சோப்புப் போகல."